இரண்டு நாள் கார் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருநகரத்தில் இருந்து சனிக்கிழமை கிளம்பி ஞாயிறு இரவுக்குள் வீடு வந்து சேரும் சொந்தக் கார் பயணங்களுக்கான பக்கம் இது. போகிற இடம் கடலோ மலையோ கோட்டையோ, வழியில் எழும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான்.

இரண்டு நாளில் போய்வர எவ்வளவு தூரத்தில் இடம் பார்க்கலாம்?

ஒரு வழிக்கு நாலரை மணி நேரம், நடுவில் நிற்பதும் சேர்த்து. கிலோமீட்டரை வைத்து இடம் பிடித்தால் ஏமாந்துபோவீர்கள். நகரத்தை விட்டு வெளியேற 30 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் என்று வையுங்கள். நடுவில் தடுப்பு உள்ள நாலுவழிச் சாலையில் சராசரி 70 கிடைக்கும். ஸ்பீடோமீட்டர் 90 காட்டிக்கொண்டே இருந்தாலும் முடிவில் சராசரி 70தான். ஊர்களின் நடுவே புகுந்து போகும் இருவழிச் சாலையில் 45. கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதையில் 25.

இப்போது இரண்டு இடங்களை ஒப்பிடுங்கள். ஒன்று 250 கிலோமீட்டர், முழுக்கச் சமதளம்: நகரம் ஒரு மணி, மீதி 220 கிலோமீட்டருக்கு மூன்று மணி பத்து நிமிடம், தேநீருக்கு 20 நிமிடம். மொத்தம் நாலரை மணி. இன்னொன்று 220 கிலோமீட்டர்தான், ஆனால் கடைசி 40 மலை: நகரம் ஒரு மணி, 150 கிலோமீட்டருக்கு இரண்டு மணி பத்து நிமிடம், மலைக்கு ஒரு மணி 35 நிமிடம், நிறுத்தம் 20 நிமிடம். ஐந்து மணியைத் தாண்டுகிறது. ‘கிட்டத்தில்’ இருக்கும் இடம்தான் தூரமாகிப் போகிறது. வரைபட ஆப் சொல்லும் நேரத்தில் நீங்கள் வண்டியை நிறுத்தும் நேரம் இருக்காது. சமதளம் என்றால் அதன்மேல் 15 சதவீதமும், மலை என்றால் 30 சதவீதமும் கூட்டிக்கொள்வது நல்லது.

ஏழு மணி நேரம் தள்ளி இருக்கும் இடத்துக்கு மூன்று நாள் விடுமுறை கிடைக்கும்போது போகலாம். இரண்டு நாளில் போனால் சாலையைப் பார்த்துவிட்டுத் திரும்பியதுபோல் ஆகிவிடும்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கிளம்பிவிடலாமா?

வேண்டாம். இரவில் சாலை காலியாக இருக்கும், ஒரு காலைப்பொழுது மிச்சமாகும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் காலை ஆறு மணிக்கு எழுந்தவர் இரவு பதினொரு மணிக்கு 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அந்த நிலையில் கவனமும் கை கால் சுறுசுறுப்பும் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடைய நிலைக்குச் சமமாகிவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல நாடுகளில் அது சட்டம் தொடும் அளவு. இது போதாதென்று, நள்ளிரவு இரண்டு மணி முதல் காலை ஆறு மணி வரை உடம்பின் கடிகாரமே தூக்கத்தை நோக்கித் தள்ளும். பகலிலும் இரண்டு முதல் நாலு மணி வரை இதே தொல்லை கொஞ்சம் குறைவாக வரும். சாப்பாடு அதைக் கூட்டும், ஆனால் சாப்பாடு மட்டும் காரணமில்லை.

வெள்ளி இரவு ஒன்பதரைக்குப் படுத்து, சனி காலை நாலரைக்கு எழுந்து, ஐந்தேகாலுக்கு வண்டியை எடுப்பதுதான் சரியான ஏற்பாடு. ஆறரை மணிக்குள் நகர எல்லையைத் தாண்டியிருப்பீர்கள். ஏழு மணிக்குக் கிளம்பினால் தூக்கம் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் லாபமில்லை. அந்த நேரம் சுங்கச்சாவடி வரிசையில் போய்விடும். பெட்டிகளை முந்தின இரவே டிக்கியில் ஏற்றி வையுங்கள். காலையில் ஏற்றினால் நாற்பது நிமிடம் போகும், ஏதாவது ஒன்று மறந்தும் போகும்.

வழியில் தூக்கம் வந்தால்?

கண்ணாடியை இறக்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகம் கழுவுவது: இவற்றின் பலன் சில நிமிடங்களுக்குத்தான். இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்தில் 1990களில் ரெய்னர், ஹார்ன் என்ற இரு ஆய்வாளர்கள் தூக்கக் கலக்கத்தில் இருந்தவர்களைச் செயற்கைக் கார் ஓட்டவைத்துச் சோதித்தார்கள். காபி குடித்து உடனே 15 நிமிடம் கண்ணை மூடிப் படுப்பதுதான் நல்ல பலன் தந்தது. காஃபீன் வேலை செய்ய ஏறக்குறைய அரை மணி நேரம் பிடிக்கும். அதற்குள் ஒரு குட்டித் தூக்கம் முடிந்துவிடும், இரண்டும் ஒன்றாகக் கைகொடுக்கும்.

செய்முறை இதுதான். கனரக வண்டிகள் உரசிப் போகும் சாலையோரத்தில் நிற்காமல், பங்க் அல்லது உணவகத்தின் வளாகத்துக்குள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். திடமான காபி ஒன்றோ இரண்டோ. போனில் 20 நிமிட அலாரம். இருக்கையைச் சாய்த்துக் கண்ணை மூடுங்கள். முழுத் தூக்கம் வராவிட்டாலும் பலன் உண்டு. அரை மணிக்கு மேல் தூங்கினால் எழும்போது மந்தமாக இருக்கும், அதனால் அலாரம் அவசியம். எழுந்து ஐந்து நிமிடம் நடந்துவிட்டு ஓட்டுங்கள்.

எப்போது நிறுத்துவது? கொட்டாவி இரண்டாவது முறை வரும்போது. கடந்த சில கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்பது நினைவில் இல்லை என்றால் ஏற்கெனவே தாமதம். 100 கிலோமீட்டர் வேகத்தில் நாலு விநாடி கண் அசந்தால் வண்டி 110 மீட்டர் தானாகப் போயிருக்கும். தூக்கம் வராவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 15 நிமிடம் நிற்பது வழக்கமாக இருக்கட்டும்.

கொஞ்சம் வேகமாகப் போய் நேரத்தை மிச்சப்படுத்தக் கூடாதா?

100 கிலோமீட்டருக்கு 80 வேகத்தில் 75 நிமிடம், 100ல் 60 நிமிடம், 120ல் 50 நிமிடம். வேகம் ஏற ஏற மிச்சமாகும் நேரம் சுருங்கும். காற்றின் எதிர்ப்போ வேகத்தின் இருமடியாகக் கூடும். 100ல் இருந்து 120க்குப் போனால் 44 சதவீதம் அதிகம். எரிபொருள் முள் இறங்குவதைப் பார்த்தாலே தெரியும்.

நிற்கும் தூரத்தையும் பாருங்கள். நல்ல டயர், உலர்ந்த சாலை, ஆபத்தை உணர்ந்து பிரேக் மிதிக்க ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொண்டால், 80ல் சுமார் 68 மீட்டர், 100ல் 97, 120ல் 129. அந்தப் பத்து நிமிட மிச்சத்தை ஒரு சுங்கச்சாவடி வரிசை விழுங்கிவிடும்.

கிளம்பும் முன் வண்டியில் என்னென்ன பார்க்க வேண்டும்?

புதன்கிழமையே பாருங்கள். வெள்ளி இரவு குறை தெரிந்தால் சரிசெய்ய நேரம் இருக்காது. பழுதுபார்த்து வந்த வண்டியை ஒரு நாளாவது உள்ளூரில் ஓட்டிப் பார்ப்பதும் நல்லது.

முதலில் டயர். எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம், நீங்கள் அடிக்க வேண்டிய அளவு அல்ல. ஸ்டிக்கரில் இரண்டு வரிசை இருந்தால் ஒன்று சாதாரணச் சுமைக்கு, மற்றது ஆள் நிறைந்த வண்டிக்கு. பயணத்துக்கு இரண்டாவதைப் பாருங்கள், பெரும்பாலும் பின் சக்கரத்துக்குக் கூடுதலாக இருக்கும்.

காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும், அதாவது வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு. பங்க் ஐந்து கிலோமீட்டர் தள்ளி என்றால், போய்ச் சேருவதற்குள் டயர் சூடாகி அழுத்தம் கூடிவிடும். அதனால் சொந்தமாக ஒரு அளவுமானி வாங்கி வீட்டிலேயே அளங்கள். தேவை 33 பிஎஸ்ஐ, வீட்டில் காட்டியது 29 என்றால் நாலு குறைகிறது. பங்க்கில் சூடான டயர் 32 காட்டினால் 36 வரை அடியுங்கள். அங்கே 33 காட்டும்வரை அடித்துவிட்டு வந்தால் மறுநாள் காலை 30தான் இருக்கும். சூடான டயரில் அளவு கூடத் தெரிகிறதே என்று காற்றை இறக்கிவிடவும் கூடாது.

டயரின் வயது பக்கச் சுவரில் நாலு இலக்கமாக இருக்கும்: 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் பல நாடுகளில் சட்ட எல்லை. மழைக்காலப் பயணத்துக்கு 3 மில்லிமீட்டராவது வேண்டும். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயரையும் பாருங்கள். பஞ்சர் ஆகும் நாளில்தான் ஸ்டெப்னியில் காற்றில்லை என்பது பலருக்குத் தெரியவருகிறது.

அடுத்து கூலன்ட். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு கோட்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தால் ஊற்றி நிரப்பிவிட்டுப் போகாதீர்கள், எங்கோ கசிகிறது. இன்ஜின் ஆயிலைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்துப் பாருங்கள். பேட்டரி மூன்று வருடம் தாண்டியிருந்தால் வோல்ட் அளந்துகொள்ளுங்கள்: இரவெல்லாம் நின்ற வண்டியில் 12.6 முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி. வைப்பர், விளக்குகள், ஹார்ன் ஐந்து நிமிட வேலை.

பிரேக் ஆயிலை யாரும் கேட்பதில்லை. அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற ரகத்தில் புது ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கலாம். மலைக்குப் போகிறீர்கள், ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகிவிட்டது என்றால் மாற்றிவிட்டுப் போங்கள்.

சாமான்களை எப்படி அடுக்குவது?

கனமானவை டிக்கியின் அடியில், பின் இருக்கையின் முதுகை ஒட்டி. பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் தண்ணீர் பாட்டில், லேப்டாப் எதுவும் வேண்டாம். திடீர் பிரேக்கில் அவை தலையைத்தான் நோக்கி வரும். ஸ்டெப்னியும் ஜாக்கியும் டிக்கியின் தரைக்கு அடியில் இருந்தால், எல்லாப் பெட்டியையும் மழையில் இறக்கிவைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஜாக்கி, ஸ்பேனர், முக்கோணப் பலகை மூன்றையும் தனிப் பையில் மேலாக வைப்பது மேல். கூரையில் ஏற்றுவதற்கு எல்லை பல கார்களுக்கு 50 முதல் 75 கிலோதான், கேரியரின் எடையும் அதில் அடக்கம்.

பஞ்சர் ஆனால் என்ன செய்வது?

ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால் பிரேக்கை அழுத்தி மிதிக்காமல் ஆக்சிலரேட்டரில் இருந்து மெல்லக் காலை எடுங்கள். சமமான, இறுகிய தரை கிடைக்கும்வரை மெதுவாகப் போங்கள். ரிம்மைக் காப்பாற்றுவதற்காக வளைவின் நடுவில் நிற்க வேண்டாம், ரிம் போனால் வாங்கிக்கொள்ளலாம். ஹசார்ட் விளக்கு. எல்லாரும் சாலைத் தடுப்புக்கு அப்பால் இறங்கி நிற்கட்டும். முக்கோணப் பலகையைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வையுங்கள். அதிவேகச் சாலையில் அதை வைக்க நடந்து போவதே ஆபத்து என்றால் விட்டுவிட்டு உதவிக்கு அழையுங்கள்.

ஹேண்ட் பிரேக், முதல் கியர், ஆட்டோமேட்டிக் என்றால் பி. பழுதான சக்கரத்துக்கு மூலைவிட்டமாக எதிரே உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். நட்டுகளை ஜாக்கி போடும் முன்பே அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். சக்கரம் தூக்கிய பிறகு தளர்த்தப் போனால் சக்கரம் சுற்றும், வண்டி ஜாக்கியில் இருந்து சரியும். ஜாக்கி வைக்கும் இடம் கதவுக்குக் கீழ் விளிம்பில் வெட்டுக் குறியாக இருக்கும். வேறு இடத்தில் வைத்தால் தகடு நசுங்கும். மண் தரை என்றால் ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு. வண்டி தூக்கியதும் ஸ்டெப்னியைக் காருக்கு அடியில் படுக்கவைத்து விடுங்கள். ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும். சக்கரத்தைக் கழற்றிய பின் அதை உள்ளே தள்ளி, ஸ்டெப்னியை எடுத்துக்கொள்ளலாம்.

வேலை சிக்குவது பெரும்பாலும் மூன்று இடங்களில். கடையில் இயந்திரத்தால் இறுக்கிய நட்டு ஸ்பேனருக்கு அசையாது. ஸ்பேனரின்மேல் மாட்ட அரை மீட்டர் இரும்புக் குழாய் ஒன்று டிக்கியில் கிடந்தால் போதும். அலாய் சக்கரத்தில் திருட்டுத் தடுப்பு நட்டு இருந்தால் அதற்கான தனிச் சாவி இல்லாமல் ஒன்றும் நடக்காது, அதை இப்போதே தேடி வையுங்கள். நட்டெல்லாம் கழன்றும் சக்கரம் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தால், நட்டுகளைப் பாதி மாட்டிவிட்டு வண்டியைத் தரைக்கு இறக்கி, ஓரிரு அடி முன்னும் பின்னும் நகர்த்துங்கள், விட்டுக்கொடுக்கும்.

மாட்டும்போது எல்லா நட்டையும் முதலில் கையால் முடுக்கி, வண்டியை இறக்கிய பின் நட்சத்திர வடிவில் எதிரெதிராக இறுக்குங்கள். சாதாரணக் காருக்குத் தேவையான இறுக்கம், கால் மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 40 கிலோ எடை தொங்கும் அளவுதான். ஸ்பேனரில் ஏறி நின்று குதிக்க வேண்டியதில்லை. 50 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் உச்ச வேகம் 80, காற்று பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ. அடுத்த பஞ்சர் கடைவரைதான் அதன் வேலை.

டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தியிருப்பது தெரிந்து, காற்று மெல்லத்தான் இறங்குகிறது என்றால் ஆணியைப் பிடுங்காதீர்கள். ஆணியே பாதி அடைப்பு. காற்றடித்துக்கொண்டு கடைக்குப் போய்விடலாம்.

மலைப்பாதையில் ஓட்டிப் பழக்கமில்லை. எதைக் கவனிக்க வேண்டும்?

ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் வேண்டும். ஆளும் சாமானும் சேர்ந்து 1,500 கிலோ உள்ள கார் 1,000 மீட்டர் உயரத்தில் இருந்து இறங்கும்போது சுமார் 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றலை எங்காவது கொட்டியாக வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அத்தனையும் நாலு சக்கரத்தில் வெப்பமாக இறங்கும். முதலில் கருகிய வாடை. பிறகு எவ்வளவு மிதித்தாலும் பிடிப்பு குறையும். பழைய பிரேக் ஆயில் என்றால் அது கொதித்து ஆவிக் குமிழி உண்டாகி, மிதி அப்படியே தரைவரை போகும்.

ஏற எந்த கியர் வேண்டியிருந்ததோ அதே கியரில் இறங்குங்கள். செங்குத்தான இடத்தில் அது இரண்டாவது, சில சமயம் முதலாவது. ஆட்டோமேட்டிக் என்றால் எல், 2, எஸ், எம் என்று ஏதாவது ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். இன்ஜின் இரைச்சல் கூடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதுதான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. பிரேக்கை எப்போதும் தொட்டுக்கொண்டே இராமல், வேகம் கூடும்போது நன்றாக அழுத்திக் குறைத்துவிட்டு முழுக்க விடுங்கள். எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதில் மிச்சமே இல்லை: இன்றைய இன்ஜின்கள் கியரில் இறங்கும்போது எரிபொருளை அறவே நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் சொட்டிக்கொண்டிருக்கும். இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்கினால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கல்லாக இறுகிவிடும்.

வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து அரை மணி நிறுத்துங்கள். கொதிக்கும் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் கோணிவிடும். ஹேண்ட் பிரேக்குக்குப் பதில் கியரும் சக்கரத்துக்குக் கல்லும் போதும்.

ஏறும்போது: கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், வளைவின் நடுவில் மாற்றினால் வண்டி திணறி நிற்கும். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும், ஓவர்டேக் கணக்கை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். நெரிசலில் அரைக் கிளட்ச்சில் வண்டியைத் தொங்கவிட்டால் கிளட்ச் பிளேட் எரியும். ஹேண்ட் பிரேக் போட்டு நின்று, அதை விட்டபடியே கிளம்புங்கள். குறுகலான இடத்தில் ஏறிவரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிடுவது மலைப்பாதை முறை. நின்றுவிட்டால் மறுபடி கிளம்பும் சிரமம் ஏறுபவருக்குத்தான்.

வளைவுகளில் பிள்ளைகளுக்கு வாந்தி வருகிறதே?

உள்காது ‘அசைகிறோம்’ என்கிறது, புத்தகத்திலோ போனிலோ இருக்கும் கண் ‘அசையவில்லை’ என்கிறது. அந்த முரண்தான் வாந்தி. ஓட்டுநருக்கு அநேகமாக வருவதில்லை, ஏனென்றால் அடுத்த வளைவு அவருக்கு முன்கூட்டியே தெரியும். இரண்டு முதல் பன்னிரண்டு வயதுக்காரர்களைத்தான் இது அதிகம் படுத்தும்.

போனை வாங்கி வையுங்கள், தூரத்து மலை முகட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பின் இருக்கை நடுவில் இருந்தால் முன்கண்ணாடி வழியே சாலை தெரியும். மலை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு லேசாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். வெறும் வயிறும் ஆகாது, நெய் சொட்டும் சாப்பாடும் ஆகாது. மாத்திரை கொடுப்பதானால் வளைவு தொடங்க ஒரு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும், குமட்டல் வந்த பிறகு கொடுத்துப் பயனில்லை. பிள்ளைகளுக்கான அளவை மருத்துவரிடம் கேளுங்கள். டைமென்ஹைட்ரினேட், மெக்லிசைன் போன்றவை தூக்கம் தரும், ஆகவே ஓட்டுநர் தொடக் கூடாது. மிச்சப் பொறுப்பு ஓட்டுநரின் காலில்: வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் ஒரே சீராகப் போனால் பாதி வாந்தி நிற்கும்.

டெம்பரேச்சர் முள் ஏறிக்கொண்டே போனால்?

ஏசியை அணையுங்கள். ஹீட்டரை உச்சத்தில் வைத்துக் கண்ணாடிகளை இறக்குங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் இன்ஜினின் சூட்டில் ஒரு பகுதி கேபினுக்குள் வந்து முள் இறங்க வாய்ப்புண்டு. இறங்காவிட்டால் உடனே ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். ‘அடுத்த ஊர்வரை போய்விடலாம்’ என்று ஓட்டிய ஐந்து கிலோமீட்டரில் சிலிண்டர் ஹெட் கோணிப்போகும்.

ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடி திறந்த நொடி மொத்தமும் ஆவியாக முகத்தில் அடிக்கும். முக்கால் மணி நேரம் காத்திருந்து, மேல் குழாயைத் தொட்டால் கை பொறுக்கிறது என்றான பிறகு, கனத்த துணியைப் போட்டுக் கால் சுற்று, நின்று, பிறகு மீதி. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். காத்திருக்கும்போது ரேடியேட்டர் முன்னால் பிளாஸ்டிக் பை எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கூலன்ட் அளவு சரியாக இருந்தும் சூடேறியது என்றால் மின்விசிறியின் ஃபியூஸ் போயிருக்கலாம்.

மழையிலும் மூடுபனியிலும்?

வறண்ட நாட்களுக்குப் பின் வரும் மழையின் முதல் பத்து, பதினைந்து நிமிடம்தான் வழுக்கல் அதிகம். எண்ணெயும் தூசியும் குழம்பி நிற்கும். முன்வண்டியோடு இடைவெளி உலர்ந்த சாலையில் இரண்டு விநாடி என்றால் மழையில் நாலு.

தேங்கிய நீரில் டயர் தரையை விட்டு மிதக்கும் வேகத்துக்கு நாசா 1960களில் ஒரு கணக்குக் கண்டது. அது டயர் அழுத்தத்தைப் பொறுத்தது: 32 பிஎஸ்ஐ உள்ள தேய்ந்த டயர் சுமார் 94 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கும், 24 பிஎஸ்ஐ என்றால் 82லேயே. காற்றுக் குறைந்த டயரோடு மழையில் போவது எப்படிப்பட்ட காரியம் என்று இதிலேயே தெரியும். ஸ்டியரிங் திடீரென்று இலேசானால் பிரேக் வேண்டாம், திருப்பவும் வேண்டாம்; ஆக்சிலரேட்டரை விட்டு நேராகப் பிடியுங்கள்.

சாலையின் குறுக்கே ஓடும் நீர் 30 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் சிறு கார் மிதக்கத் தொடங்கும். 60 என்றால் பெரிய வண்டியும் தப்பாது. தண்ணீருக்குள் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். உள்ளே நீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

பனியில் ஹை பீம் வெள்ளைச் சுவரைத்தான் காட்டும். லோ பீம், பனி விளக்கு. ஓடும் வண்டியில் ஹசார்ட் போட்டால் பின்னால் வருபவருக்கு நீங்கள் திரும்புவது தெரியாது.

மின்சாரக் காரில் போகலாமா?

தாராளமாக, காகிதத்தில் உள்ள தூரத்தை நம்பாமல். நெடுஞ்சாலையில் சீராக 100ல் போனால் அறிவித்த தூரத்தில் முக்கால் பங்கோ அதற்கும் குறைவோதான் கிடைக்கும். 60 யூனிட் பேட்டரியில் 80 சதவீதத்தில் இருந்து 10 வரை கைக்கு வருவது 42 யூனிட். 100 கிலோமீட்டருக்கு 17 முதல் 18 யூனிட் செலவானால் 240 கிலோமீட்டர் ஓடும். 80க்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் வெகுவாகக் குறையும், வழியில் 100 வரை காத்திருப்பது வீண். ஒவ்வொரு சார்ஜருக்கும் அடுத்து போய்ச் சேரக்கூடிய இன்னொன்றைக் குறித்து வையுங்கள். முதலாவது பழுதாகவோ வரிசையாகவோ இருக்கலாம்.

1,800 கிலோ வண்டி 1,000 மீட்டர் ஏற, வழக்கமான செலவுக்கு மேல் குறைந்தது 5 யூனிட் கேட்கும். இறங்கும்போது அதில் ஒரு நல்ல பங்கு திரும்பி வரும், ஆனால் மலை உச்சியில் 100 சதவீதம் ஏற்றிவிட்டு இறங்கினால் வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடமிருக்காது, பிரேக்தான் சுமக்கும். மேலே 80ல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

வழிகாட்டி ஆப்பை முழுக்க நம்பலாமா?

பகலில் பெரிய சாலையில் நம்பலாம். ‘8 நிமிடம் குறைவு’ என்று இரவில் ஒரு குறுக்குப் பாதையைக் காட்டினால் மறுத்துவிடுங்கள். அந்தப் பாதையில் வெளிச்சம் உண்டா, பாலம் உடைந்ததா என்பது அதற்குத் தெரியாது. பயணப் பகுதியின் வரைபடத்தைக் கிளம்பும் முன் போனில் இறக்கி வையுங்கள், மலையில் சிக்னல் போகும். டேங்க் பாதிக்குக் கீழ் வந்தால் மலை தொடங்கும் முன் நிரப்புங்கள்.

வண்டியில் பிள்ளையை விட்டுவிட்டு இரண்டு நிமிடம் கடைக்குப் போகலாமா?

கூடாது. வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் சுமார் 10 டிகிரி ஏறும். கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கிவைப்பதால் பெரிய மாற்றமில்லை.

ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குத் திரும்புவது?

காலை பதினொன்றுக்கு. மனசு கேட்காதுதான். மதியம் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குக் கிளம்பினால் உடம்பு தூங்கும் நேரத்தில் நெடுஞ்சாலையில் இருப்பீர்கள். மாலை ஏழுக்கு, ஊரெல்லாம் திரும்பும் நேரத்தில், நகர வாசலில் நிற்பீர்கள். கடைசி 30 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் என்பது அப்போது சாதாரணம். பதினொன்றுக்குக் கிளம்பினால் நாலு மணிக்குள் வீடு. சாப்பாட்டை வழியில் லேசாக முடித்து, கூடவே காபியும் குட்டித் தூக்கமும் போட்டுக்கொள்ளலாம். பார்க்க வேண்டிய முக்கியமான இடத்தைச் சனிக்கிழமையே முடித்துவிட்டால் ஞாயிறு காலை விட்டுப்போன ஏக்கம் இருக்காது. திங்கள் தாமதமாக வேலைக்குப் போக முடிந்தவர்கள் ஞாயிறு இரவும் தங்கி, அங்கே நன்றாகத் தூங்கிவிட்டு, திங்கள் விடியற்காலை கிளம்பலாம்.

வீடு வந்த பிறகு வண்டிக்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

கடற்கரைக்குப் போயிருந்தால் மறுநாளே அடிப்பகுதியையும் சக்கர வளைவுகளின் உள்பக்கத்தையும் நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள். உப்பும் மணலும் சேர்ந்தால் துரு வேகமாகப் பிடிக்கும். கழுவியதும் அப்படியே நிறுத்திவிடாமல் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி நாலைந்து முறை பிரேக் பிடித்தால் டிஸ்க் உலர்ந்துவிடும். டயர்ப் பள்ளங்களில் சிக்கிய கல்லை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுங்கள். ஸ்டெப்னி மாட்டியிருந்தால் பஞ்சர் டயரை இந்த வாரமே ஒட்டி வையுங்கள்.